காது இரைச்சலைத் தடுக்க எந்தக் காப்பு? கொழும்பில் வாழ்வோருக்கான ஓர் ஒப்பீடு

காது இரைகிறது, எதை வாங்கி மாட்டினால் நல்லது என்ற கேள்வி பல திசைகளிலிருந்து வருகிறது. கொட்டாஞ்சேனைத் தகரப் பட்டறையில் நாள் முழுவதும் கிரைண்டர் பிடிப்பவர் கேட்கிறார். ஆடி வேல் காலத்தில் ஓய்வின்றி வாசிக்கும் நாதஸ்வரக் கலைஞர் கேட்கிறார். பாணந்துறைப் பக்கமிருந்து 100 ஆம் இலக்கப் பேருந்தில் இயர்போனோடு புறக்கோட்டைக்கு வந்துபோகும் அலுவலக ஊழியரும், வெள்ளவத்தையில் ரயில் பாதையோரத் தொடர்மாடியில் இரவில் தூக்கமின்றித் தவிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் அதையே கேட்கிறார்கள். கேள்வி ஒன்றாக இருந்தாலும் நால்வருக்கும் உரிய விடை ஒன்றல்ல. அவர்களில் ஒருவருக்கான விடை எதையும் வாங்க வேண்டாம் என்பதே. எத்தனை டெசிபெல் சத்தத்தைத் தடுக்கும் என்று பொதியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆனால் தெரிவைத் தீர்மானிக்க வேண்டியவற்றுள் அந்த எண்ணுக்குக் கடைசி இடமே தரலாம் என்பது என் கருத்து. அதற்கான காரணங்கள் கீழே வருகின்றன.

## இரைச்சல் சத்தத்தால்தான் வந்ததா?

காதுக்குள் "கீங்" என்றோ "உஸ்" என்றோ ஓயாமல் கேட்கும் ஒலி தனியொரு நோயல்ல, பல காரணங்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. வயது வந்தோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கு இது ஏதோ ஒரு வடிவில் இருப்பதாகவும், ஏறத்தாழ 2 சதவீதத்தினருக்குக் கடுமையான தொல்லையாக இருப்பதாகவும் 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வுத் தொகுப்பொன்று கணித்தது. முற்றிலும் ஒலியடக்கிய அறையில் இருத்தினால் நல்ல காதுள்ளவர்களில் பெரும்பாலோருக்கும் ஏதாவதொரு ஒலி கேட்கும் என்பதை 1953இலேயே ஹெல்லர், பேர்க்மன் என்ற இருவர் காட்டினார்கள். அமைதியான இரவில் சில வினாடிகள் இரைந்து அடங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

சத்தத்தால் வரும் இரைச்சலின் கதை உட்காதில் தொடங்குகிறது. அங்குள்ள நத்தை வடிவ உறுப்பில், காதொன்றுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் ஒலி அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுகின்றன. மனிதரில் இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட சுருதிக்குரிய கலங்கள் அழிந்து, அங்கிருந்து வரும் சைகை குறையும்போது, மூளை அந்தக் குறையை ஈடுசெய்யத் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அப்படிக் கூட்டியதன் விளைவாக, வெளியே இல்லாத ஒலியொன்று உள்ளே கேட்கத் தொடங்குகிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். திருமண மண்டபத்தில் ஒலிபெருக்கிக்கு அருகே இருந்துவிட்டு வீடு திரும்பும்போது காது அடைத்து இரைவதும், ஓரிரு நாளில் அது தணிவதும் பலருக்குத் தெரிந்ததே. தணிந்தபின் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் எலிகளில் குஜாவாவும் லிபர்மனும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கேள்திறன் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பின்னும், மயிர்க்கலத்துக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் பெருமளவில் அழிந்திருந்தன.

சத்தம் காரணமல்லாத இரைச்சலும் உண்டு. இறுகிய காதுக் குறும்பி, நடுக்காதில் நீர் தேங்குதல், காதெலும்பு இறுகும் நோய், தலைச்சுற்றோடு வரும் மெனியர் நோய், தாடை மூட்டுக் கோளாறு, இரத்தச்சோகை, தைரொயிட் கோளாறு, வயதோடு வரும் கேள்திறன் இழப்பு என்று பட்டியல் நீளும். மருந்துகளில் அதிக அளவு அஸ்பிரின், குயினைன், ஃபுரோசமைட், புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின், ஊசியாக ஏற்றும் ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவை காதைப் பாதிக்கக்கூடியவை. மருந்தைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து துடித்துக் கேட்டாலும், தலை சுற்றினாலும், காதில் சீழ் வடிந்தாலும், தலையில் அடிபட்ட பின் தொடங்கினாலும், இயர் பிளக் பார்ப்பதை விட்டுக் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போக வேண்டும். கேள்திறன் திடீரென்று குறைந்திருந்தால் அன்றே போக வேண்டும். அதற்கான ஸ்டெரொயிட் சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பயன் எதிர்பார்க்கலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவிலையிலும் இதற்கான பிரிவுகள் உள்ளன; அரச வைத்தியசாலை என்பதால் செலவு ஒரு தடையல்ல. காத்திருக்கும் நேரம்தான் அங்கே செலவு.

குறும்பி அடைத்திருக்கும் காதில் இயர் பிளக்கைச் செருகினால் அது இன்னும் உள்ளே தள்ளப்படும். கொட்டன் பட்ஸ் செய்வதும் அதையேதான். உள்ளிப் பூண்டைக் காய்ச்சிய எண்ணெயை விடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. செவிப்பறையில் துளை இருப்பது தெரியாமல் அதை விட்டால், இரைச்சலோடு சீழும் சேர்ந்துகொள்ளும்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதலாவது அளவுகோல், சத்தம் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பது. அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் எல்லை 85 டெசிபெல்லில் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88இல் 4 மணித்தியாலம், 94இல் 1 மணித்தியாலம், 100இல் 15 நிமிடம். கிரைண்டர் பொதுவாக 95க்கும் 105க்கும் இடையில் ஒலிப்பது என்பதால், பட்டறையில் காலைத் தேநீருக்கு முன்பே ஒரு நாளுக்குரிய பங்கு தீர்ந்துவிடும். அளவி இல்லாதவர்களுக்கு ஓர் எளிய சோதனை உண்டு: ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், அந்த இடம் 85ஐத் தாண்டியிருக்கக்கூடும்.

இரண்டாவது, காப்பை அணிந்தபின்னும் எதைக் கேட்டாக வேண்டும் என்பது. சுருதி கேட்க வேண்டுமா, மேற்பார்வையாளரின் குரலா, பின்னால் வரும் வாகனமா? இதற்கு விடையில்லாமல் வாங்கும் காப்பு சட்டைப் பையில்தான் கிடக்கும்.

மூன்றாவதையே நான் முதன்மையாகக் கொள்கிறேன். சத்தம் இருக்கும் நேரம் முழுவதும் அதைக் கழற்றாமல் இருக்க முடியுமா? 30 டெசிபெல் குறைக்கும் ஒரு காப்பை 8 மணித்தியால வேலையில் வெறும் அரை மணித்தியாலம் கழற்றி வைத்தால், அந்த நாளுக்கு அது தந்த பயன் 12 டெசிபெல் அளவுக்கு வீழ்ந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் கழற்றினாலே 30 என்பது 19 ஆகிறது. டெசிபெல் என்பது மடக்கைக் கணக்கு என்பதால், காப்பில்லாத சில நிமிடங்கள் மீதி நேரத்தின் பயனை விழுங்கிவிடுகின்றன. இதன்படி, 15 டெசிபெல் மட்டுமே குறைத்தாலும் ஒரு நிமிடமும் கழற்றாத காப்பு, அரை மணித்தியாலம் பையில் கிடந்த 30ஐ வென்றுவிடும். கொழும்பின் வியர்வையும் ஈரக்காற்றும், கண்ணாடி, தலைக்கவசம், பர்தா போன்றவையும் இந்த அளவுகோலுக்குள் அடங்கும்.

நான்காவது, ஒரு வருடத்துக்கான உண்மைச் செலவு. வாங்கும் விலையோடு மாற்றுவது, கழுவுவது, தொலைப்பது, காது புண்ணாகி வைத்தியரிடம் போவது எல்லாம் சேரும்.

இனிப் பொதியில் உள்ள எண்ணைப் பார்ப்போம். அமெரிக்க முறையிலும் ஐரோப்பிய முறையிலும் இது வெவ்வேறாகக் கணிக்கப்படுகிறது. ஒரே பிளக்குக்கு முதலாவதில் 29 என்றும் இரண்டாவதில் 37 என்றும் வரலாம். கடையில் 37 எழுதியதை 29 எழுதியதைவிடச் சிறந்தது என்று எடுப்பதற்கு முன் எந்த முறை என்று பார்க்க வேண்டும். அத்துடன் இவை பரிசோதனைக்கூடத்தில், சரியாகச் செருகிப் பெற்ற எண்கள். நடைமுறையில் மக்கள் செருகும் விதத்தைக் கருதி, அமெரிக்க எண்ணிலிருந்து காதுக்கவசத்துக்கு 25 சதவீதமும், உருட்டிச் செருகும் பிளக்குக்கு 50 சதவீதமும், ஏனைய பிளக்குகளுக்கு 70 சதவீதமும் கழிக்கும்படி நியோஷ் அறிவுறுத்தியிருந்தது. அந்தக் கணக்கில் 33 என்ற ஸ்பொஞ்ச் பிளக் ஏறத்தாழ 16 ஆகும். 25 என்ற காதுக்கவசமோ ஏறத்தாழ 19 ஆகி அதை முந்திவிடும்.

## உருட்டிச் செருகும் ஸ்பொஞ்ச் பிளக்

மிகவும் மலிவானது, எடையற்றது, கண்ணாடிக்கும் தலைக்கவசத்துக்கும் இடைஞ்சல் தராதது. சரியாகச் செருகினால் இந்த ஒப்பீட்டில் உள்ள வேறெந்தத் தனிக் காப்பும் இதை எளிதில் மிஞ்சாது. எல்லாம் அந்தச் "சரியாக" என்ற சொல்லில்தான் தொங்குகிறது.

செருகும் முறை இதுதான். கையைக் கழுவி, பிளக்கை விரல்களுக்கிடையில் மடிப்பு விழாமல் மெல்லிய திரியாக உருட்ட வேண்டும். மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதுமடலின் மேற்புறத்தை மேலும் பின்னுமாக இழுத்தால், வளைந்த காதுக்குழாய் நேராகும். அப்போது திரியை உள்ளே செலுத்தி, அது விரிந்து குழாயை அடைக்கும் வரை, அரை நிமிடமளவு, விரலால் மெல்லப் பிடித்திருக்க வேண்டும். பார்ப்பவருக்குப் பிளக்கின் பெரும்பகுதி வெளியே துருத்தித் தெரிந்தால் அது அடைக்கவில்லை. இன்னொரு சோதனை: சத்தமான இடத்தில் இரு காதுகளையும் உள்ளங்கையால் இறுக மூடித் திறந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால், கழற்றி மீண்டும் செருக வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு அழுக்கில் இருக்கிறது. கிறீஸ் படிந்த கையால் உருட்டிய பிளக் காதுக்குள் போவது தோலழற்சிக்கும், நமது காலநிலையில் காதில் பூஞ்சணம் பிடிப்பதற்கும் வழி. இதைக் கழுவி நெடுநாள் பாவிக்க முடியாது. நாளுக்கொரு சோடி என்று கணக்கிட்டால், மலிவானது என்ற பேர் வருட முடிவில் அவ்வளவு உறுதியாக நிற்காது. ஒவ்வொரு முறையும் ஆறுதலாகச் செருக வேண்டியிருப்பதால், வேலைக்கிடையில் பலமுறை கழற்றிப் போடுபவருக்கு இது உகந்ததல்ல. காலையில் செருகி மதியச் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பவருக்கு இதைவிட நல்லதில்லை.

## அடுக்கு விளிம்புள்ள இறப்பர் பிளக்

கிறிஸ்மஸ் மரம்போல மூன்று விளிம்புகளோடு, பெரும்பாலும் கழுத்தில் தொங்கும் நூலோடு வரும் இவற்றை உருட்ட வேண்டியதில்லை. காம்பைப் பிடித்துச் செருகலாம், சவர்க்காரத்தில் கழுவலாம், மாதக்கணக்கில் பாவிக்கலாம். கை அழுக்காகும் வேலைக்கு ஸ்பொஞ்சைவிட இதுவே சுத்தம்.

குறை, அளவு. எல்லாருடைய காதுக்குழாயும் ஒரே விட்டமல்ல. ஒருவரின் இடது வலது காதுகளே சிறிது வேறுபடும். பொருந்தாத அளவை வாங்கியவர் செருகியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்க, சத்தம் ஓரத்தால் உள்ளே போய்க்கொண்டிருக்கும். நியோஷ் 70 சதவீதம் கழிக்கச் சொன்னது இதனாலேயே. இரண்டு மூன்று அளவுகள் அடங்கிய பொதி கிடைத்தால் அதை வாங்குவது நல்லது. சுழலும் இயந்திரத்துக்கு அருகில் நூலுள்ள வகையை அணியக் கூடாது.

## இசைக்கான வடிகட்டிப் பிளக்

மேற்சொன்ன இரண்டும் உயர்ந்த சுருதிகளைக் கூடுதலாகவும் தாழ்ந்தவற்றைக் குறைவாகவும் தடுப்பவை. அதனால் கேட்பது மொத்தமும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மழுங்கும். இசைக் கலைஞர்கள் பிளக்கைக் கண்டாலே முகம் சுளிப்பதற்கு இதுவே காரணம். வடிகட்டிப் பிளக்கில் நுண்ணிய ஒலித்தடம் ஒன்று அமைத்து, எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழச் சம அளவில் குறைக்கிறார்கள். ஒலி தாழ்கிறது, அதன் நிறம் மாறுவதில்லை. இவ்வகையில் முன்னோடியான எட்டிமோட்டிக் நிறுவனத்தின் 15 டெசிபெல் வடிகட்டி 1988இல் அறிமுகமானது.

நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்காகவே உருவான வாத்தியங்கள். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி ஆடி வேல் தேர் புறப்படும்போது வீதியில் ஒலிப்பது ஒன்று, கொங்கிறீற்றுக் கூரையுள்ள மண்டபத்துக்குள் ஒலிபெருக்கியும் சேர்ந்து ஒலிப்பது வேறொன்று. தவில்காரர் வலது கை விரல்களில் கூடு மாட்டி, தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் அடிக்கும் கூர்மையான ஓசை, பக்கத்தில் நிற்கும் நாதஸ்வரக்காரரின் காதுக்கு ஒரு முழத் தொலைவிலிருந்தே வருகிறது. இதற்கு 30 டெசிபெல் தடுப்பு தேவையில்லை; சுருதி கேட்காத அளவுக்கு அடைத்தால் அவர் அதை முதற் கீர்த்தனை முடிவதற்குள் கழற்றிவிடுவார். 100 டெசிபெல்லை 15 குறைத்தாலே 85 ஆகிவிடுகிறது, கால் மணித்தியாலமாக இருந்த எல்லை 8 மணித்தியாலமாக நீள்கிறது.

நாதஸ்வரக்காரருக்கு மட்டுமான ஒரு சிக்கல் உண்டு. காதுக்குழாயின் வாயிலை அடைத்தவுடன், ஊதும்போது தாடையிலும் மண்டையோட்டிலும் எழும் அதிர்வு வெளியேற வழியின்றித் தலைக்குள்ளேயே முழங்கும். சுருதி பிடிக்கும் ஒத்து வாத்தியமும் தவிலும் தாழ்ந்து கேட்க, தன் ஊதல் மட்டும் பெரிதாகக் கேட்கும். காதுக்குழாயின் ஆழத்தில், எலும்புப் பகுதிவரை போய் அமரும்படி காதின் அச்செடுத்துச் செய்யும் பிளக்கில் இது வெகுவாகக் குறையும். தவில்காரருக்கு இந்தத் தொல்லை இல்லையென்பதால் அவருக்குப் பொது அளவு வடிகட்டிப் பிளக்கே போதும்.

அச்செடுத்துச் செய்வதன் செலவு கணிசமானது. செவிப்புல நிபுணரிடம் போய் அச்செடுக்க வேண்டும், வார்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும், பொருந்தாவிட்டால் திரும்பப் போக வேண்டும், காதின் வடிவம் காலத்தோடு மாறுவதால் சில வருடங்களில் புதிதாகச் செய்ய வேண்டும். ஒன்று தொலைந்தால் சோடியாகவே செலவு. கச்சேரியை வாழ்க்கையாகக் கொண்டவருக்கு இது ஒரு வாத்தியத்தின் பராமரிப்புச் செலவைப்போலத்தான். வருடத்தில் இரண்டு கலியாணத்துக்குப் போகிறவருக்கு வீண். பட்டறைக்காரருக்கும் இது பொருந்தாது: கிரைண்டரின் 105இலிருந்து 15 போனால் மீதி 90, அந்த அளவில் நாள் முழுவதும் நிற்க முடியாது.

## காதுக்கவசம்

இரு கிண்ணங்களையும் தலைப்பட்டியையும் கொண்ட இதன் முதல் நன்மை, தவறாக அணிவது கடினம் என்பது. எட்டத்தில் நின்று பார்த்தாலே ஒருவர் அணிந்திருக்கிறாரா என்று தெரியும்; பட்டறை முதலாளிக்கும் மேற்பார்வையாளருக்கும் இது பெரிய வசதி. கிரைண்டரை நிறுத்தும்போது கழற்றி, தொடக்கும்போது மாட்டுவதற்கு ஒரு வினாடி போதும். விட்டுவிட்டு வரும் சத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. காதுக்குள் எதுவும் போகாததால், காதில் புண்ணோ பூஞ்சணமோ அடிக்கடி வருபவருக்கும் இதுவே வழி. அரைக்கும் மில்லில் மிளகாய்த்தூள் படிந்த விரலைக் காதருகே கொண்டுபோகவே முடியாத ஊழியருக்கு வேறு தெரிவு இல்லையென்றே சொல்லலாம்.

எதிரி வெக்கை. காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகையில் ஏப்ரல் மாதத்து மதியம் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கும். பத்து நிமிடத்துக்கொருமுறை தூக்கித் துடைக்கிறார் என்றால் மேலே சொன்ன மடக்கைக் கணக்கு அவருக்கு எதிராக ஓடத் தொடங்கும். மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் விடும் சிறு இடைவெளியால் சில டெசிபெல் கசியும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயமான கிரைண்டர் வேலையில் இது எப்போதும் உள்ள பிரச்சினை. மெல்லிய காம்புள்ள கண்ணாடி ஓரளவு உதவும். வியர்வையில் மெத்தை இறுகி வெடிக்கும். வெடித்த மெத்தையோடு வருடக்கணக்கில் தொங்கும் கவசங்களைப் பட்டறைகளில் தாராளமாகக் காணலாம், அவை காதை மூடுவதாகத் தோன்றுவது மட்டுமே மிச்சம். மெத்தை மாற்றக்கூடிய வகையை வாங்கினால், கவசம் முழுவதையும் எறிய வேண்டியதில்லை.

பிளக்கும் கவசமும் சேர்த்து அணிந்தால் இரண்டின் எண்களும் கூட்டுத்தொகையாவதில்லை. பெரிய எண்ணோடு ஏறத்தாழ 5 டெசிபெல் சேரும், அவ்வளவுதான். 105க்கு மேற்பட்ட சத்தத்துக்கு அந்த 5 தேவைப்படும்.

## சத்தம் நீக்கும் ஹெட்போன்

இது காதுக் காப்பல்ல. தாழ்சுருதியில் சீராக வரும் இயந்திர முழக்கத்துக்கு எதிரலையை உண்டாக்கி அதை அடக்கும் கருவி. அமர் போஸ் 1978இல் விமானப் பயணமொன்றில் இந்த எண்ணத்தைக் குறித்துவைத்தார், 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது. விமான இரைச்சலுக்கு எப்படியோ, பேருந்து என்ஜினின் உறுமலுக்கும் அப்படியே அழகாக வேலை செய்யும். திடீரென்று வரும் ஹோர்ன், சுத்தியல் அடி, வெடி, கிரைண்டரின் கீச்சொலி ஆகியவற்றை எதிரலையால் பிடிக்க முடியாது. பட்டறையில் இதை மாட்டிக்கொண்டு பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பது ஆபத்து.

பேருந்துப் பயணிக்கு ஆபத்து பேருந்தின் சத்தமல்ல, அதை மீறிக் கேட்க அவர் தானாகக் கூட்டும் பாட்டின் சத்தம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட தரநிர்ணயம், வயது வந்தோருக்கு வாரத்தில் 40 மணித்தியாலத்துக்கு 80 டெசிபெல், சிறுவர்களுக்கு 75 டெசிபெல் என்று எல்லை வகுக்கிறது. பல தொலைபேசிகளும் முழு அளவில் 100ஐத் தாண்டக்கூடியவை. என்ஜின் முழக்கத்தை ஹெட்போன் விழுங்கிவிட்டால், அதே பாட்டைப் பாதி அளவில் தெளிவாகக் கேட்கலாம். இக்கருவியின் முழுப் பயனும் அந்தப் பாதியில் இருக்கிறது. குறைக்காமல் கேட்பவருக்கு இது விலையுயர்ந்த அலங்காரமே.

மறைந்த செலவுகளாக மின்கலம் தேய்வதையும், சில வருடங்களில் முழுவதையும் மாற்ற வேண்டியிருப்பதையும் சொல்லலாம். அவற்றிலும் பெரியது வீதியில் உள்ளது: பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கிக் கடவையைக் கடப்பவர் இதை மாட்டியபடியே நடக்கக் கூடாது. காசில்லாதவர் இறப்பர் நுனியுள்ள, காதுக்குழாயை நன்றாக அடைக்கும் சாதாரண இயர்போனை வாங்கி, தொலைபேசியின் ஒலி எல்லையை 60 சதவீதத்தில் பூட்டிவிட்டால் அதே பலனின் பெரும்பங்கு கிடைத்துவிடும்.

## ஒரே பார்வையில்

| காப்பு | நடைமுறையில் தடுப்பது | கேட்க வேண்டியது கேட்குமா | எங்கே தோற்கும் | யாருக்கு முதல் தெரிவு |
|---|---|---|---|---|
| ஸ்பொஞ்ச் பிளக் | சரியாகச் செருகினால் மிக அதிகம், இல்லையேல் பாதி | மழுங்கிக் கேட்கும் | அழுக்குக் கை, அடிக்கடி கழற்றுதல் | தொடர்ச்சியான சத்தத்தில் நாள் முழுவதும் நிற்பவர் |
| இறப்பர் பிளக் | அளவு பொருந்தினால் நடுத்தரம் | மழுங்கிக் கேட்கும் | பொருந்தாத காது | கழுவிப் பாவிக்க விரும்புபவர் |
| வடிகட்டிப் பிளக் | 10 முதல் 20 வரை | தெளிவாகக் கேட்கும் | மிகக் கடுமையான இயந்திரச் சத்தம் | இசைக் கலைஞர், ஒலியமைப்பாளர், மண்டப ஊழியர் |
| காதுக்கவசம் | அதிகம், நம்பகமானது | குறைவாக | வெக்கை, கண்ணாடிக் காம்பு | விட்டுவிட்டு வரும் சத்தம், புண்ணுள்ள காது |
| சத்தம் நீக்கும் ஹெட்போன் | தாழ்சுருதி முழக்கம் மட்டும் | பாட்டு கேட்கும், வீதி கேட்காது | திடீர்ச் சத்தம், கீச்சொலி | பேருந்து, ரயில், விமானப் பயணி |

காதில் பஞ்சு அடைப்பதை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. அது தடுப்பது மிகச் சொற்பம். அணிந்திருக்கிறோம் என்ற தைரியத்தில் ஒலிபெருக்கிக்கு இன்னும் அருகே போக வைப்பதுதான் அது செய்யும் தீங்கு.

## கேட்டவர்களுக்குரிய விடைகள்

பட்டறைக்காரருக்குக் காதுக்கவசம். நீண்ட நேரம் தொடர்ந்து வெட்டும் நாட்களில் உள்ளே ஸ்பொஞ்ச் பிளக்கும். பிளக்கை வேலை தொடங்குமுன், கை சுத்தமாக இருக்கும்போதே செருகிவிட்டு, கவசத்தை மட்டும் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கினால், கவசம் தூக்கிய நேரத்திலும் காது வெறுமையாக இராது. கண்ணாடிக் காம்பின் கசிவும் பெரிதாகப் பாதிக்காது. முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: கிரைண்டரைக் கொட்டகையின் மறுகோடிக்கு மாற்றினால், திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறைவதுபோல, கூரைக்குக் கீழும் அதைவிடச் சற்றுக் குறைவான அளவில் எல்லாருக்கும் சேர்த்துக் குறையும். காசு கொடுக்காமல் கிடைக்கும் காப்பு அது.

நாதஸ்வரக் கலைஞருக்கு அச்செடுத்த, ஆழமாக அமரும் 15 டெசிபெல் வடிகட்டி. வாங்குமுன் பொது அளவு வடிகட்டிப் பிளக்கைச் சில நாள் வீட்டுச் சாதகத்தில் அணிந்து பழகிப் பார்க்கட்டும். முதற் சில நாட்கள் எவருக்கும் பிடிக்காது, கச்சேரியன்று முதன்முதலாக அணிந்தவர் அதை வாழ்நாள் முழுவதும் வெறுப்பார்.

பேருந்துப் பயணிக்கு, ஹெட்போனோ நன்கு அடைக்கும் இயர்போனோ எதுவானாலும், ஒலி எல்லையைப் பூட்டுவதே முதல் வேலை.

எதையும் வாங்க வேண்டாம் என்று முன்னர் சொன்னது ஆசிரியைக்கு. அவருக்கு இரைச்சல் ஏற்கனவே வந்துவிட்டது. அவர் நினைப்பதுபோல ரயில் அதற்குக் காரணமல்ல, வயதோடு கேள்திறன் குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். காதை அடைத்தால் ரயில் ஓரளவு அடங்கும், ஆனால் உள்ளிரைச்சல் அந்த அமைதியில் இன்னும் எடுப்பாகக் கேட்கும். சாதாரண ஒலிகளையும் தடுத்து நெடுநாள் பிளக் போட்டு வாழ்ந்தால், காது சிறு சத்தத்துக்கும் கூசத் தொடங்கும். அவருக்குத் தேவை செவிப்புலப் பரிசோதனை. கேள்திறன் குறைவு உறுதியானால் காது கேட்கும் கருவி பொருத்திக்கொள்ள வேண்டும். வெளியொலி மீண்டும் கேட்கத் தொடங்கும்போது பலருக்கு உள்ளொலி பின்னுக்குப் போகிறது. இரவில் மின்விசிறியையோ தாழ்ந்த வானொலியையோ ஓடவிடலாம். ஜின்கோ, துத்தநாகம், மெலடோனின் போன்ற மாத்திரைகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர் சங்கத்தின் 2014 வழிகாட்டி அவற்றைப் பரிந்துரைக்கவில்லை. அதே வழிகாட்டி பரிந்துரைத்ததும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2020 மீளாய்வு பயனுண்டு என்று கண்டதும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற உளவளத்துணை முறை. அது ஒலியை அணைப்பதில்லை, ஒலி தரும் மன உளைச்சலைக் குறைக்கிறது. உளவளத்துணை என்றதும் "எனக்கு மனநோயா?" என்று கேட்கும் தலைமுறையைச் சேர்ந்தவர் என்பதால், வீட்டார் இதை அவரிடம் எடுத்துச்சொல்லும் விதத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

கேட்க வாய் வராத ஐந்தாமவர் ஒருவரும் உண்டு. தோளில் தூங்கும் கைக்குழந்தையோடு ஒலிபெருக்கிக்கு முன்னால் திருமணப் பந்தலில் இருப்பவர்களும், சித்திரைப் புத்தாண்டிலும் தீபாவளியிலும் பிள்ளைகளைச் சீன வெடிக்கு அருகில் நிறுத்துபவர்களும் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் திடீர் ஒலியின் உச்ச எல்லையாகப் பெரியவர்களுக்கு 140 டெசிபெல்லையும் சிறுவர்களுக்கு 120ஐயும் குறித்தது. அருகில் வெடிக்கும் வெடி இவ்விரண்டையும் தாண்டக்கூடும். இங்கே நேரக் கணக்கெல்லாம் இல்லை, ஒரே வெடி போதும். குழந்தையின் காதுக்குழாய்க்குள் பிளக் எதையும் செருகக் கூடாது, கழன்றால் வாயில் போட்டுக்கொள்ளும். சிறுவர் அளவுக் காதுக்கவசங்கள் விற்பனைக்கு உள்ளன. அது கையில் இல்லாத இடத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாத பக்கத்துக் கடைசி வரிசைக்குப் போய்விடுங்கள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் குழந்தை தூங்குகிறது என்று சொல்லலாம்.